கல்யாணம் முடிந்து தீவுக்குப் போகிறீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜோடிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது காவேரிப்பட்டணம், வாழ்க்கைப்பட்டது பாலக்கோடு. இரண்டு ஊருக்கும் கடல் வெகுதூரம். 2023 தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. மாசியில் நானும் என் வீட்டுக்காரரும் அந்தமான் போய் வந்தோம். அன்றிலிருந்து சொந்தத்திலோ தெருவிலோ யாருக்குக் கல்யாணம் நிச்சயமானாலும், "எப்படிப் போனீங்க, எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டு வந்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் விசாரித்துச் சொன்னதில் மற்ற தீவுகளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தத் தீவுக்குப் போகலாம்?

முகூர்த்தம் எந்த மாதம் என்று முதலில் சொல்லுங்கள். தீவை அப்புறம் பார்க்கலாம். போட்டோவில் எல்லாத் தீவும் நீலமாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் போய் இறங்கினால் படகு ஓடாது, கடலுக்குள் விட மாட்டார்கள், அறைக்குள் உட்கார்ந்து ஜன்னலைப் பார்க்க வேண்டியதுதான்.

தை, மாசி, பங்குனியில் கல்யாணம் என்றால் உங்களுக்குக் கவலையே இல்லை. அந்தமான், மாலத்தீவு, லட்சத்தீவு, இலங்கையின் தென்கரை எல்லாமே அப்போது நன்றாக இருக்கும். சித்திரையில் வெயில் அதிகம், ஆனாலும் கடல் அடங்கித்தான் இருக்கும். மே மாதத்தின் பிற்பாதியில் தென்மேற்குப் பருவமழை அந்தமானைத் தொட்டுவிடும். கேரளாவுக்கு வருவதற்கு முன்பே அங்கே வந்துவிடும் மழை அது. அதற்கு மேல் வைகாசி, ஆனி, ஆவணி முகூர்த்தக்காரர்களுக்கு அந்தமானை நான் சொல்வதில்லை. அவர்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன, கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஐப்பசி, கார்த்திகைதான் சிக்கலான மாதங்கள். வங்காள விரிகுடாவில் புயல் உருவாகும் காலம் அது. 2016 டிசம்பரில் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் படகு இல்லாமல் சில நாட்கள் மாட்டிக்கொண்டார்கள். பிறகு கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அழைத்து வந்தன. எனவே கார்த்திகையில் தாலி கட்டினால் பயணத்தைத் தைக்குத் தள்ளி வையுங்கள். இடையில் மார்கழி ஒரு மாதம்தானே.

கல்யாணம் முடிந்த மறுநாளே கிளம்பலாமா?

வேண்டாம். மண்டபத்தில் முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம், அப்புறம் மறுவீடு, குலதெய்வம் கோயில், அத்தை வீட்டு விருந்து, பெரியம்மா வீட்டு விருந்து. இதெல்லாம் முடியும்போது இரண்டு பேருக்கும் நிற்கவே தெம்பு இருக்காது. அந்த உடம்போடு விமானம் ஏறினால் முதல் இரண்டு நாளும் தூக்கத்திலேயே போய்விடும்.

எங்களுக்குப் பதினெட்டு நாள் இடைவெளி கிடைத்தது. அதற்குள் ஓரளவு பேசிப் பழகியிருந்தோம். பெரியவர்கள் பார்த்து முடித்த கல்யாணத்தில் இது ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருவருக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயம், எத்தனை மணிக்குப் பசிக்கும் என்பதெல்லாம் தெரிந்த பிறகு போனால் பயணமே வேறு மாதிரி இருக்கும். இரண்டு வாரத்திலிருந்து ஒரு மாதம் வரை இடைவெளி விடுங்கள்.

மாந்தோப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. சித்திரை கடைசியிலிருந்து ஆனி வரை அறுவடை. மாப்பிள்ளைக்கு லோடு ஏற்றுவதும் மாங்கூழ் பேக்டரிக்காரர்களோடு பேசுவதுமாகவே பொழுது போய்விடும். அந்த நேரத்தில் டிக்கெட் போட்டால் போன் கையிலேயே இருக்கும், மனம் தோப்பில் இருக்கும். பறிப்பு முடியட்டும்.

ஆடி வந்துவிட்டால் என்ன செய்வது?

ஆனியில் கல்யாணம் நடந்தால் இந்தக் கேள்வி வரும். ஆடி பிறந்ததும் பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். "இந்தக் காலத்தில் இதெல்லாமா?" என்று சண்டை போட்டுக்கொண்டு கிளம்பாதீர்கள். புது மருமகளின் முதல் ஆடியிலேயே இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வர வேண்டாம். ஜூலை முதல் வாரத்துக்குள் திரும்பிவிடுவது போலத் திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் ஆவணிக்கு வையுங்கள்.

எவ்வளவு செலவாகும்? மொய்ப் பணத்தை எடுக்கலாமா?

எங்களுக்கு 5 இரவு, 6 நாள் அந்தமான் பயணத்துக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 78,000 ரூபாய் ஆனது. இது 2023 கணக்கு. விமான டிக்கெட் மட்டும் 31,000. மீதியில் அறை வாடகையும் டாக்ஸியும்தான் பெரிய பங்கு. நாங்கள் தங்கியவை சாதாரண விடுதிகள், ஏ.சி. உண்டு, சுத்தமாக இருந்தன, அவ்வளவுதான். டிக்கெட்டை இரண்டு மாதம் முன்பே போட்டதால் இந்த விலைக்குக் கிடைத்தது. பொங்கல், கிறிஸ்துமஸ் விடுமுறையை ஒட்டிப் போனால் டிக்கெட் விலை எங்கேயோ போய்விடும்.

மொய்ப் பணம் விஷயத்தில் என் கருத்து உறுதியானது. நம் பக்கம் மொய் நோட்டில் பேர் எழுதி வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். பல வீடுகளில் மண்டப வாடகையும் சமையல்காரர் பாக்கியும் கொடுக்கவே அது போதாது. அதைத் தொடாதீர்கள். பெர்சனல் லோன் போட்டும் போகாதீர்கள். கையில் 40,000 தான் இருக்கிறதென்றால், சிறு தீவுகளைக் குறைத்துக்கொண்டு சீசன் இல்லாத வாரத்தில் போகலாம், அல்லது ஆறு மாதம் சேர்த்துவிட்டுப் போகலாம். கல்யாணமான வருடத்துக்குள் எப்போது போனாலும் தேனிலவு தேனிலவுதான்.

பாஸ்போர்ட் கட்டாயம் வேண்டுமா?

அந்தமானும் லட்சத்தீவும் நம் நாடுதான், பாஸ்போர்ட் வேண்டாம். அந்தமானுக்கு ஆதாரோ வாக்காளர் அட்டையோ போதும். லட்சத்தீவுக்கு நம் நாட்டவரே முன்கூட்டி அனுமதி வாங்கித்தான் போக முடியும். அதற்குப் போலீஸ் சான்று வரை கேட்பார்கள், அலைச்சல் கொஞ்சம் அதிகம். கப்பலும் விமானமும் பெரும்பாலும் கொச்சியிலிருந்துதான்.

வெளிநாட்டுத் தீவு என்றால் நிச்சயமான உடனேயே பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள். 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் இன்னும் 2,000 கூடும். பெண் வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போலீஸ் விசாரணை தற்போதைய முகவரிக்குத்தான் வரும். கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு அம்மா வீட்டு முகவரியில் போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டால், விசாரணைக்கு வரும்போது பெண் அங்கே இருக்க மாட்டாள். மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்தால்தான் செல்லும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை, பழைய பெயரிலேயே தாராளமாகப் போகலாம்.

டிக்கெட் போடும்போது பெயரில் மிகுந்த கவனம் வேண்டும். பெண்ணின் ஆதாரில் அப்பா பெயரின் இனிஷியல் இருக்கும், மாப்பிள்ளை ஆசையாகத் தன் பெயரைச் சேர்த்து டிக்கெட் போட்டுவிடுவார். விமான நிலைய வாசலில் நிறுத்திவிடுவார்கள். அட்டையில் என்ன இருக்கிறதோ அதே எழுத்து டிக்கெட்டிலும் இருக்கட்டும்.

கல்யாணத்தைப் பதிவு செய்வதையும் தள்ளிப்போடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். விடுதியில் அந்தச் சான்றிதழைக் கேட்பதில்லை, இரண்டு பேரின் அடையாள அட்டையைத்தான் கேட்பார்கள். ஆனாலும் அதன் நகல் ஒன்று போனில் இருந்தால் நிம்மதி.

விமானம் பெங்களூரிலிருந்தா, சென்னையிலிருந்தா?

ஓசூர், கிருஷ்ணகிரி ஆட்களுக்குப் பெங்களூருதான் பக்கம். ஆனால் விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில் இருக்கிறது. அத்திப்பள்ளி, எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு என்று நெரிசலைத் தாண்டி முழு நகரத்தையும் கடக்க வேண்டும். ஓசூரிலிருந்து மூன்று மணி நேரம், கிருஷ்ணகிரியிலிருந்து நான்கு, தர்மபுரியிலிருந்து ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டியதை இதோடு கூட்டுங்கள். அந்தமான் விமானங்கள் பெரும்பாலும் விடியற்காலையிலோ காலையிலோ கிளம்பும். நடுராத்திரியில் வண்டி எடுத்தால் சாலை காலியாக இருக்கும். வாடகை வண்டி என்றால் கர்நாடகப் பெர்மிட் யார் கட்டுவது என்பதை முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அத்திப்பள்ளியில் நின்றுகொண்டு டிரைவரோடு வாக்குவாதம் செய்வது நல்ல ஆரம்பம் இல்லை.

அரூர், மொரப்பூர், ஊத்தங்கரை பக்கத்தவர்களுக்குச் சென்னையும் வசதிதான். மொரப்பூரிலோ ஜோலார்பேட்டையிலோ ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவே விமான நிலையத்துக்குள் கொண்டு விடும். சென்னையிலிருந்து அந்தமான் இரண்டே கால் மணி நேரம். கப்பலும் இருக்கிறது, கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும். தேனிலவுக்கு வேண்டாம்.

போர்ட் பிளேரின் பெயரை 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு, நீல் இப்போது ஷஹீத் தீவு, அவை 2018இல் மாறின. ஊர்க்காரர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறார்கள், அதனால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

அந்தமானில் எத்தனை நாள், எப்படிப் பிரித்துக்கொள்வது?

ஐந்து இரவு போதும். முதல் நாள் போர்ட் பிளேரில் இறங்கி, சாப்பிட்டு, கொஞ்சம் தூங்கிவிட்டு செல்லுலார் சிறைக்குப் போங்கள். 1896இல் கட்டத் தொடங்கி 1906இல் முடித்த சிறை அது. ஏழு கைகளாக விரிந்திருந்த கட்டடத்தில் இப்போது மூன்றுதான் மிச்சம். தேனிலவுக்கு வந்து சிறையைப் பார்ப்பதா என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். அந்தச் சின்ன அறைக்குள் நின்றபோது இரண்டு பேருமே வெகு நேரம் பேசவில்லை. ராத்திரி ஒலி ஒளிக் காட்சி முடிந்து வெளியே வந்ததும் அவர் தன் தாத்தாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவர் மனம் திறந்து என்னிடம் பேசிய முதல் ராத்திரி அதுதான்.

அடுத்த நாள் காலை வேகப் படகில் ஹேவ்லாக். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ராதாநகர் கடற்கரையை 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்ததென்று எழுதியது. மேற்குப் பார்த்த கரை என்பதால் சூரியன் மறைவதை அங்கே பாருங்கள். ஒன்றை நினைவில் வையுங்கள். நம் கடிகார நேரம்தான் அங்கேயும், ஆனால் தீவு வெகு கிழக்கே இருக்கிறது. ஜனவரியில் ஐந்தே காலுக்கே சூரியன் இறங்கிவிடும், கிருஷ்ணகிரியை விட ஒரு மணி நேரம் முன்னால். நம் ஊர் நினைப்பில் ஆறு மணிக்குப் போனால் இருட்டைத்தான் பார்க்கலாம். அதேபோலச் சீக்கிரம் விடிந்துவிடும். காலாபத்தர் கரையில் உதயம் பார்க்க ஐந்து மணிக்கே எழ வேண்டும்.

அப்புறம் நீல் தீவில் ஒரு இரவு. எனக்கு ஹேவ்லாக்கை விட நீல்தான் பிடித்தது. சின்ன ஊர், காய்கறித் தோட்டங்கள், சைக்கிளிலேயே சுற்றிவிடலாம். பரத்பூர் கரையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நெடுந்தூரம் தெளிந்து கிடக்கும்.

கடைசி இரவு கட்டாயம் போர்ட் பிளேரில் இருக்க வேண்டும். காலையில் தீவிலிருந்து படகு, மதியம் விமானம் என்று போடவே போடாதீர்கள். காற்று அடித்தால் படகை ரத்து செய்துவிடுவார்கள், விமானம் உங்களுக்காக நிற்காது.

பராடங் போகலாமா? வழியில் பழங்குடிகளைப் பார்க்கலாம் என்கிறார்களே?

பராடங் அந்தமானிலேயே இன்னொரு தீவு, சுண்ணாம்புக் குகையும் சேற்று எரிமலையும் அங்கே உண்டு. ஆனால் சாலை வழி ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக் காட்டுக்குள் போகிறது. அவர்களைப் படம் எடுப்பதும், உணவு கொடுப்பதும், வண்டியை நிறுத்துவதும் சட்டப்படி குற்றம், சிறைத் தண்டனை வரை உண்டு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு மனிதக் கூட்டத்தை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்ப்பதற்காகப் போவது தப்பு. நாங்கள் போகவில்லை, கேட்பவர்களிடமும் போகாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

பேக்கேஜ் ஏஜென்ட்டிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கேட்டுக் கொடுங்கள். எங்கள் ஹேவ்லாக் அறையை ஒரு ஏஜென்ட் மூலம்தான் போட்டோம். "கடலைப் பார்த்த அறை" என்றார். போய்ப் பார்த்தால் கடல் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. கட்டிலில் ரோஜா இதழால் இதயம் போட்டு வைத்திருந்தார்கள். ஓசூர் ரோஜாவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது பெரிய விஷயமா? எங்களுக்கு வேண்டியது கடல்தான். பிறகு கூடுதல் பணம் கட்டி வேறு இடத்துக்கு மாறினோம்.

அதனால் ஒவ்வொரு ஊரிலும் விடுதியின் பெயரை எழுதி வாங்குங்கள். போன் மேப்பில் அது கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று நீங்களே பாருங்கள். விமான டிக்கெட்டின் பி.என்.ஆர். எண் கைக்கு வந்ததும் விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபாருங்கள். படகு தனியார் வேகப் படகா, அரசுப் படகா, ரத்தானால் பணம் திரும்புமா, காலை உணவு சேர்த்தா என்று கேளுங்கள். "எல்லாம் சேர்த்துதான் சார்" என்ற பதிலை ஏற்காதீர்கள். முழுப் பணத்தையும் ஒரே தடவையில் கட்ட வேண்டாம். வெளிநாட்டுப் பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். என்று வரியாக ஒரு தொகையை முன்கூட்டியே பிடிப்பார்கள். பான் எண் கொடுத்து வைத்தால் வருமான வரிக் கணக்குக் காட்டும்போது அதை ஈடுசெய்துகொள்ளலாம்.

நீச்சல் தெரியாது, கடல் என்றாலே பயம். என்ன செய்வது?

எனக்கும் தெரியாது. ஒகேனக்கல் பரிசலில் கூட நடுவில்தான் உட்காருவேன். ஆனாலும் ஸ்கூபா போனேன், அதாவது காற்று உருளையை மாட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் இறங்குவது. முதல் முறை இறங்குபவர்களுக்கு நீச்சல் தேவையில்லை, பயிற்சியாளர் கடைசி வரை பிடித்துக்கொண்டே இருப்பார். முதலில் இடுப்பளவு தண்ணீரில் வாயால் மூச்சு விடப் பழக்குவார்கள். அங்கேயே பிடிக்கவில்லை என்றால் ஏறிவிடலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். கணவர் கட்டாயப்படுத்தினாலும் இறங்க வேண்டாம், பயத்தோடு இறங்குவது ஆபத்து. ஆஸ்துமா, காதுப் பிரச்சினை, சளி, கர்ப்பம் இருந்தால் கூடவே கூடாது. ஸ்கூபா முடிந்து ஒரு முழு நாளாவது ஆன பிறகே விமானம் ஏறலாம். ஏனென்றால் ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன் வாயு வெளியேற நேரம் வேண்டும். எனவே ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

கரையில் கொடி கட்டிய எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். அந்தமானில் உப்புநீர் முதலைகள் உண்டு, எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் கால் நனைக்கவும் வேண்டாம்.

2004 சுனாமியை நினைத்துப் பெரியவர்கள் பயப்படுவார்கள். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள், அந்தமான் நிலநடுக்கம் வரும் பகுதிதான். பலமாக, நீண்ட நேரம் தரை ஆடினால் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும். விடுதியில் சேர்ந்ததும் அந்த மேட்டு வழி எது என்று கேட்டு வையுங்கள். இதைத் தெரிந்து வைத்திருக்கிறோம் என்று சொன்னதும் என் மாமியாருக்குப் பாதிப் பயம் போய்விட்டது.

படகில் வாந்தி வருமா?

பழக்கமில்லாத நமக்கு வரத்தான் செய்யும். அதற்கான மாத்திரையை டாக்டரிடமோ மருந்துக்கடையிலோ கேட்டு வாங்கி, கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு போடுங்கள். தூக்கம் வரும், பரவாயில்லை. இரண்டு இட்லி போதும், பூரி வேண்டாம். படகின் நடுவில், கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு. போனைப் பார்க்காமல் தூரத்து அடிவானத்தைப் பாருங்கள். இஞ்சி மரப்பா எனக்கு உதவியது.

புதுத் தாலி, நகை, துணிமணி எல்லாம் எப்படி?

தாலி விஷயத்தைப் பெண்கள் என்னிடம் தனியாக அழைத்துக் கேட்பார்கள். மஞ்சள் கயிறு உப்புத் தண்ணீரில் சாயம் இறங்கும், கொஞ்சம் நைந்தும் போகும். தண்ணீரில் இறங்கும்போது உடைக்குள்ளே விட்டு, ஒரு சின்ன ஊக்கால் உள்பக்கம் குத்திக்கொள்ளுங்கள். ஸ்கூபா உடை உடம்போடு ஒட்டி இருக்கும், அதற்குள் பத்திரமாக நிற்கும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, திரும்ப மஞ்சள் பூசுங்கள். அம்மா ஒரு துண்டு மஞ்சள் கொடுத்தனுப்பினார், அது நன்றாக உதவியது. செயினில் கோர்த்திருந்தால் கொக்கியைக் கிளம்பும் முன்பே ஆசாரியிடம் காட்டிவிடுங்கள்.

மற்ற நகைகள் வீட்டிலேயே இருக்கட்டும். ஆரத்தையும் நெக்லஸையும் எடுத்துக்கொண்டு போனால் விடுதி அறையை விட்டு வெளியே வரவே மனம் வராது. மோதிரம் கூட வேண்டாம், தண்ணீரில் விரல் சுருங்கிக் கழன்றுவிடும்.

புடவை ஒன்று போதும், கோயிலுக்கு. காட்டன் சுடிதார் நனைந்தால் கனமாகிக் காலைப் பின்னும். சீக்கிரம் காயும் நைலான் லெக்கிங்ஸும் முழுக்கை டீ-ஷர்ட்டும் கடலுக்குச் சரி, வெயிலுக்கும் பாதுகாப்பு. தேங்காய் எண்ணெய் தடவினால் கருக்காது என்பது உண்மையில்லை, சன்ஸ்கிரீன் வாங்குங்கள். மாலையில் கரையோரம் மணல் ஈ கடிக்கும், பல நாள் அரிக்கும். கொசு விரட்டும் களிம்பு எடுத்துப் போங்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

போர்ட் பிளேரில் தமிழர்கள் நிறைய, இட்லி தோசைக்குக் குறைவில்லை. வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது. ஹேவ்லாக்கில் வங்காளிகள் அதிகம், மீனும் சோறும் நன்றாக இருக்கும். சைவக்காரர்கள் கையில் கொஞ்சம் நிப்பட்டும் பருப்புப்பொடியும் வைத்துக்கொள்ளுங்கள். களி கிடைக்காது.

வைகாசியிலோ ஆவணியிலோ கல்யாணம். அப்போது தீவே கிடையாதா?

இருக்கிறது. நான் முதலில் சொல்வது இலங்கையின் கிழக்குக் கரை. திருகோணமலை, நிலாவெளி, பாசிக்குடா பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை குறைவு, கடல் அமைதி. தென்மேற்குக் கரையில் கொட்டும்போது அங்கே வெயில் அடிக்கும். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் உண்டு, அங்கிருந்து சாலையில் ஆறேழு மணி நேரம். அந்தக் கரையில் பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம். சம்பந்தர் பாடிய திருக்கோணேச்சரம் கடல் மேல் நிற்கும் பாறையில் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து படகில் புறாத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். போகும் முன்பே இணையத்தில் இ.டி.ஏ. என்ற பயண அனுமதியை வாங்கிவிடுங்கள்.

இந்தோனேசியாவின் பாலித் தீவிலும் அப்போது நல்ல பருவம்தான், ஏப்ரல் முதல் அக்டோபர் வரை. இறங்கியதும் விசா, 5 லட்சம் ரூபியா, அதோடு பயணிகள் வரி 1.5 லட்சம் ரூபியா. எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள், அவர்கள் பணத்தின் மதிப்பு அப்படி. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்ல வேண்டும். மொரிஷியஸுக்கு விசா வேண்டாம். மே முதல் அக்டோபர் வரை குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் டிக்கெட் விலை கனம்.

மாலத்தீவு ரொம்பச் செலவா?

இரண்டு மாலத்தீவு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மேல் குடில் போட்ட ரிசார்ட் தீவு ஒன்று, மாஃபுஷி மாதிரி ஊர்மக்கள் வாழும் தீவு இன்னொன்று. ஊர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் நம் கைக்கு எட்டும் விலையில் இருக்கின்றன. அங்கே மது கிடையாது, குளிக்கும் கரையைத் தவிர மற்ற இடங்களில் அடக்கமான உடை வேண்டும். நம் ஊர் ஜோடிகளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை. ரிசார்ட்டில் இரண்டு இரவு தங்க ஆசை என்றால், அறை வாடகையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தலைநகர் மாலேயிலிருந்து தீவுக்குப் போகும் கடல் விமானமே ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும், அதற்கு மேல் வரி, சேவைக் கட்டணம், பசுமை வரி எல்லாம் சேரும். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும், அதனால் மாலையில் போய் இறங்கினால் அந்த இரவு மாலேயில்தான்.

விசா இறங்கியதும் இலவசம். கிளம்புவதற்கு 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். மதுவும் வழிபாட்டுச் சிலைகளும் கொண்டுபோகத் தடை, பெட்டியில் சின்ன விக்கிரகம் வைக்கும் பழக்கம் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

வீட்டில் நாங்களும் வருகிறோம் என்கிறார்களே?

கேட்பவர்கள் தப்பாகக் கேட்பதில்லை. விமானம் ஏறாத அத்தைக்கும் ஆசை இருக்காதா? ஆனாலும் இந்தப் பயணம் இரண்டு பேருக்கானது. மாப்பிள்ளைதான் தன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், மருமகளைச் சொல்ல விடக் கூடாது. "ஆடிப்பெருக்குக்கு எல்லோரும் சேர்ந்து ஒகேனக்கல் போகலாம்மா" என்று சொல்லுங்கள், சொன்னபடி அழைத்தும் போங்கள். தினம் சாயங்காலம் ஒரு போன், ஐந்து நிமிடம் பேசினால் போதும், அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். சின்னத் தீவுகளில் சிக்னல் வரும், போகும். அதையும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். ஏ.டி.எம். குறைவு, கையில் ரொக்கம் இருக்கட்டும்.

மாதவிடாய் நாள் இடித்தால்? வேறு உடம்பு விஷயங்கள்?

தேதி போடும் முன் பெண்ணைக் கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பல பேர் டிக்கெட்டை மாற்றியிருக்கிறார்கள். தள்ளிப்போடும் மாத்திரையைத் தானாக வாங்கிப் போடாதீர்கள், ஒரு மகளிர் மருத்துவரைப் பார்த்துக் கேளுங்கள். அப்படியே குழந்தை எப்போது என்பதையும் அவரிடமே இருவரும் சேர்ந்து பேசிவிடலாம்.

புதுப் பெண்களுக்குச் சிறுநீர் எரிச்சல் வருவது சாதாரணம், யாரும் முன்கூட்டிச் சொல்லித் தருவதில்லை. நிறையத் தண்ணீர் குடியுங்கள், கணவன் மனைவி சேர்ந்த பிறகு சிறுநீர் கழியுங்கள், அடக்கி வைக்காதீர்கள். எரிச்சலோடு காய்ச்சலோ முதுகு வலியோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

திரும்பும்போது என்ன வாங்கி வரலாம்?

கரையில் கிடக்கும் பவளத் துண்டையோ சிப்பியையோ எடுத்துப் பெட்டியில் போடாதீர்கள். சட்டப்படி கூடாது, விமான நிலையச் சோதனையில் வெளியே எடுத்து வைத்துவிடுவார்கள். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால் போர்ட் பிளேரில் சாகரிகா என்ற அரசு விற்பனை நிலையத்தில் வாங்குங்கள். நான் மாமியாருக்கு ஒரு சிப்பிக் குங்குமச் சிமிழும் அம்மாவுக்கு அதே போல இன்னொன்றும் வாங்கினேன். இரண்டும் ஒரே அளவு. பில்லை மட்டும் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள், சோதனையில் அதைத்தான் கேட்பார்கள்.